ஆங்கிலப் பேப்பரை வைத்து காம்ப்ரிஹென்ஷன் பயிற்சி: எந்தச் செய்தி, எவ்வளவு நீளம், என்ன கேள்வி?

மேலூர்க்காரன்

பத்தாம் வகுப்பு, ஸ்டேட் போர்டு, தமிழ் மீடியம். புத்தகத்துக்குள்ள இருக்கிற கேள்விக்கெல்லாம் பையன் சமாளிச்சிடுறான். பார்க்காத பத்தியைக் கொடுத்துக் கேக்குற எட்டு மார்க்லதான் மூணு, நாலோட நிக்குது. வீட்டுல தினமும் இங்கிலீஷ் பேப்பர் வாங்கி சத்தமா வாசிக்க வைக்கிறோம். வாசிப்பு தெளிவாயிடுச்சு, மார்க் அசையல. எந்த மாதிரி செய்தி எடுக்கணும், எத்தனை வார்த்தை, கேள்வியை நாமளே எப்படித் தயார் பண்றது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வடகரை டீச்சர்

சத்தமா வாசிக்கிறது உச்சரிப்புக்கு நல்லது. காம்ப்ரிஹென்ஷனுக்கு அது பெருசா உதவாது. வாய் ஓடும்போது கண்ணு அடுத்த வார்த்தையைத் தேடுமே தவிர அர்த்தத்தைத் தேடாது. வாயை மூடி, கையில பென்சில் வச்சு வாசிக்கட்டும்.

நீளம்: நாலு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 2 மார்க். 100 மார்க்குக்கு 3 மணி நேரம்னா இந்த எட்டு மார்க்குக்குக் கணக்குப்படி 14 நிமிஷம். அதுக்குள்ள ரெண்டு தடவை வாசிச்சு நாலு பதிலும் எழுதணும். அதனால பயிற்சிக்கு 120-லேர்ந்து 180 வார்த்தை போதும். பேப்பர்ல வர்ற செய்தி 300, 400 வார்த்தை இருக்கும், அப்படியே கொடுக்காதீங்க, வெட்டணும்.

வெட்டுறதுக்கு ஒரு முறை இருக்கு. செய்தியில முக்கியமானது மேல, பழைய கதை கீழ. முதல் பத்தியிலேயே யார், என்ன, எங்க, எப்போ நாலும் வந்துடும். ஏன், எப்படிங்கிறது ரெண்டாவது, மூணாவது பத்தியில இருக்கும். அந்த மூணு நாலு பத்தியையும் அதிகாரி ஒருத்தர் பேசின ஒரு வரியையும் வச்சுக்கிட்டு, விழாவுக்கு வந்தவங்க பேர்ப்பட்டியலையும் கடைசிப் பின்னணியையும் தள்ளிடுங்க. ஆனா கஷ்டமான வார்த்தையை எடுத்துட்டு எளிய வார்த்தையைப் போடாதீங்க. ஒரு பத்திக்கு அஞ்சாறு தெரியாத வார்த்தை தாங்கும். பத்தைத் தாண்டினா செய்தியையே மாத்துங்க.

எடுக்க வேண்டியது மதுரைப் பதிப்போட உள்ளூர்ப் பக்கம்: அணை நீர்மட்டம், மழை, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலை, ரயில் நேர மாற்றம், கீழடி அகழாய்வு, ஊருக்குள்ள வந்த காட்டுமாடு. விட வேண்டியது தலையங்கம், விளையாட்டு, ஹைகோர்ட் கிளைச் செய்தி மூணும். தலையங்கத்துல கருத்து மறைவா இருக்கும், பத்தாவது பிள்ளைக்கு எட்டாது. கிரிக்கெட் தெரிஞ்ச பையன் மேட்ச் செய்தியை வாசிக்காமலே பதில் சொல்லுவான், தெரியாத பொண்ணு எத்தனை தடவை வாசிச்சாலும் சொல்லாது. கோர்ட் செய்தியில ஒரே வாக்கியம் 40 வார்த்தை போகும், நடுவுல பெட்டிஷனர் (மனு போட்டவர்), பெஞ்ச் (நீதிபதிகள் அமர்வு), ஸ்டே (இடைக்காலத் தடை)ன்னு வரும். பெஞ்சுன்னா கிளாஸ்ல உக்கார்ற பெஞ்சுன்னே நெனச்சு எழுதுற பிள்ளைங்க நிறைய. அதைப் பிளஸ் டூக்கு வச்சுக்குங்க.

தலைப்பைக் கத்தரிச்சு எடுத்துட்டுக் கொடுங்க, பாதி பதில் அதுலயே இருக்கும். கடைசியில பையனையே ஒரு தலைப்பு எழுதச் சொல்லி, ஒரிஜினலைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. அவன் பத்தியோட மையத்தைப் பிடிச்சானா இல்லையான்னு அந்த ஒரு வரியிலேயே தெரிஞ்சிடும்.

கே.கே.நகர் அம்மா

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு இந்த அளவு பத்தாதுங்க. பத்தாவதுல ரீடிங்குக்கு மட்டும் 80-க்கு 20 மார்க். ஒரு பத்தி 400-450 வார்த்தை, இன்னொண்ணு 200-250 வார்த்தை, அதோட ஒரு அட்டவணையோ கிராஃபோ வரும். ரெண்டாவது வகைக்குப் பேப்பர்ல நல்ல தீனி கிடைக்கும். மழை அளவுப் பட்டியல், ஓட்டுப்பதிவு சதவீதம், விலை ஏற்ற இறக்கக் கட்டம் எல்லாத்தையும் பக்கத்துல இருக்கிற செய்தியோட சேர்த்து வெட்டி ஒட்டுங்க. செய்தியில ஒரு பாதி, அட்டவணையில ஒரு பாதின்னு ரெண்டையும் பார்த்தாத்தான் பதில் வரும்கிற மாதிரி கேள்வி போடுங்க. அட்டவணை பார்க்குற பிள்ளைங்க சாதாரணமா கோட்டை விடுறது அலகுல. பேப்பர்ல கியூசெக்ஸ் (விநாடிக்கு இத்தனை கன அடி), எம்சிஎஃப்டி (மில்லியன் கன அடி), லட்சம் டன்னு வரும். எண்ணை மட்டும் எழுதி அலகை விட்டா பதில் பாதிதான்.

ஒத்தக்கடை

டீச்சர் சொன்ன வெட்டுற முறை சரி. உள்ளூர்ச் செய்தியை எடுங்கன்னு சொன்னதுலதான் எனக்கு உடன்பாடு இல்லை.

சித்திரைத் திருவிழாச் செய்தியை மதுரைப் பிள்ளைகிட்ட கொடுத்துப் பாருங்க. அழகர் என்ன கலர் பட்டு உடுத்தி ஆத்துல இறங்கினார், அதுக்கு மக்கள் என்ன பலன் சொல்றாங்கன்னு கேளுங்க. பத்தியில சிவப்புன்னு இருந்தாலும் பிள்ளை பச்சைன்னு எழுதும், பச்சைன்னா செழிப்புன்னு விளக்கமும் கொடுக்கும். பேப்பரைப் பார்த்திருக்கவே பார்த்திருக்காது. ஜல்லிக்கட்டுக்கும் இதே கதைதான். அலங்காநல்லூர்னு முதல் வரியில பார்த்த உடனே மீதியைத் தானே சொல்லிக்கிடும். தெரிஞ்ச விஷயத்துல கண்ணு வழுக்கிட்டுப் போயிடும். நாம என்னடான்னா எட்டுக்கு ஏழு வாங்குறானேன்னு சந்தோஷப்படுவோம். பரீட்சையில பெங்குவின் பத்தியோ காபி வந்த கதையோ வரும்போது சாயம் வெளுக்கும்.

வடகரை டீச்சர்

நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நடக்குறதுதான். ஆனா அதுக்காக உள்ளூரைத் தள்ளினா, தமிழ் மீடியம் பிள்ளை முதல் வாரத்துலேயே பேப்பரை மூடிடும். பேரு, ஊரு, விஷயம் தெரிஞ்சிருந்தாத்தான் வாக்கியத்தைக் கவனிக்க மூளையில இடம் மிஞ்சும். ஆரம்பத்துக்கு உள்ளூர் வேணும். பிடியை மட்டும் கேள்வியில வைக்கணும். ஒரு அணைச் செய்தியை வச்சுக் காட்டுறேன்.

மாதிரிக்கு நானே அமைச்ச பத்தியோட சாரம் இது: வைகை அணை நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதால நீர்வளத்துறை முதல் வெள்ள எச்சரிக்கை விட்டிருக்கு. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்னு அஞ்சு மாவட்டத்து ஆத்தங்கரை மக்கள் ஆத்துல இறங்கவோ, கால்நடையை ஓட்டிட்டுப் போகவோ கூடாது, ஏன்னா நீர்வரத்து எப்போ வேணா கூடலாம். ரெண்டாவது எச்சரிக்கை 68.5 அடியில, மூணாவது 69 அடியில. அதுக்கப்புறம்தான் உபரி நீர் திறக்கப்படும். அணையோட முழுக் கொள்ளளவு 71 அடி. "நாங்கள் நீர்வரத்தை 24 மணி நேரமும் கண்காணிக்கிறோம்"னு ஒரு அதிகாரி சொன்ன வரி. இங்கிலீஷ்ல எழுதினா 130 வார்த்தைக்குள்ள அடங்கும்.

இதுக்கு நாலு கேள்வி.

ஒண்ணு, நேரடி: எந்த மட்டத்துல முதல் எச்சரிக்கை? 66 அடி, வரியிலேயே இருக்கு.

ரெண்டு, ஏன்: கால்நடையை ஏன் ஓட்டிட்டுப் போகக்கூடாது? காரணம் அதே வாக்கியத்தோட பின்பாதியில இருக்கு.

மூணு, ரெண்டு வரியைச் சேர்க்குறது: முதல் எச்சரிக்கை விட்ட அன்னிக்கு அணை நிரம்ப இன்னும் எத்தனை அடி பாக்கி? 71-ல 66 போக 5 அடி. இந்த எண் பத்தியில எங்கேயும் இல்லை. முல்லைப் பெரியாறு 142 அடின்னு காதுல விழுந்து பழகின பிள்ளைங்க அதை வச்சுக் கழிச்சு 76-னு எழுதும். ஒத்தக்கடை சொல்ற வழுக்கல் இங்க கையும் களவுமா மாட்டும்.

நாலு, ஊகம்: முதல் எச்சரிக்கை வந்த உடனே உபரி நீரைத் திறந்துட்டாங்களா, எதை வச்சுச் சொல்ற? இல்லை, இன்னும் ரெண்டு எச்சரிக்கை பாக்கி இருக்கு, மூணாவதுக்கு அப்புறம்தான் திறப்பு.

கேள்வி தயார் பண்ணும்போது உங்களுக்கு ஒரே ஒரு சோதனை. பதிலுக்கு ஆதாரமான வரியைப் பத்தியில அடிக்கோடு போட முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா அது பொது அறிவுக் கேள்வி, காம்ப்ரிஹென்ஷன் இல்லை.

இன்னொரு வித்தை: பூ மார்க்கெட் செய்தி மாதிரி வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமா இருந்தா, தட்டச்சு பண்ணும்போது விலையையோ கிழமையையோ வேணும்னே மாத்திடுங்க. மனசுல இருந்து எழுதுறவன் அங்க மாட்டுவான்.

உசிலை இங்கிலீஷ்

கேள்வி பத்தி டீச்சர் சொல்லிட்டாங்க. மார்க் போறது பெரும்பாலும் பதில் எழுதுற விதத்துலதான், அதைச் சொல்றேன்.

வொய்னு கேட்டா பதில்ல பிகாஸ் அல்லது அந்தப் பொருள் தர்ற வார்த்தை வரணும். பையன் நீர்வரத்து கூடலாம்கிற வாக்கியத்தை அப்படியே பார்த்து எழுதியிருப்பான். விஷயம் சரி, கேள்விக்கான பதிலா அது நிக்காது. கேள்வியோட முதல் பாதியைப் பதிலோட முதல் பாதியா மாத்தி எழுதப் பழக்குங்க. 'வொய் வேர் பீப்பிள் ஆஸ்க்ட் நாட் டு என்டர் த ரிவர்'னு கேட்டா 'பீப்பிள் வேர் ஆஸ்க்ட் நாட் டு என்டர் த ரிவர் பிகாஸ்'னு தொடங்கினா காலமும் எழுவாயும் தானே சரியாயிடும். டிட் வச்சுக் கேட்டா மட்டும் ஜாக்கிரதை. 'டிட் இஷ்யூ'ங்கிறது பதில்ல 'இஷ்யூட்'னு ஆகணும். டிட்-ஐயும் சேர்த்து இழுத்துட்டு வந்துடுவாங்க.

மேற்கோள் வரி அடுத்த பள்ளம். அதிகாரி 'வி ஆர் மானிட்டரிங்'னு சொல்லியிருப்பார். யார் கண்காணிக்கிறாங்கன்னு கேட்டா பிள்ளை 'வி'ன்னே எழுதிட்டு வந்துடும். மேற்கோளுக்குள்ள இருக்கிற ஐ (I), வி (we), அவர் (our) எல்லாத்துக்கும் வெளியில ஆள் தேடணும்.

பேப்பர்காரங்க ஒரே பேரைத் திரும்பத் திரும்ப எழுத மாட்டாங்க. முதல்ல வைகை டேம், அடுத்த வரியில த ரிசர்வாயர், அப்புறம் இட். அணை வேற, ரிசர்வாயர் வேறன்னு நெனச்சு ரெண்டு பதில் எழுதின பேப்பரெல்லாம் இருக்கு. முதல் வாசிப்புல பென்சிலால இட், தே, திஸ், த லேட்டர் (the latter) எல்லாத்தையும் வட்டமிட்டு, எதைக் குறிக்குதோ அதுக்கு ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்க. இதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். பரீட்சையிலயும் வினாத்தாள்ல செய்யலாம்.

தப்பைத் திருத்தும்போது வெறும் பெருக்கல் குறி போடாதீங்க. தப்புக்குப் பக்கத்துல ஒரு எழுத்து: வரியைக் கண்டுபிடிக்கலைன்னா 'வ', வார்த்தை தெரியலைன்னா 'சொ', கேள்வியே புரியலைன்னா 'கே', விஷயம் சரி வாக்கியம் தப்புன்னா 'எ'. பத்து பத்தி முடிஞ்சதும் எண்ணிப் பாருங்க. 'எ' அதிகம்னா இன்னும் பேப்பர் வாங்கிப் பிரயோஜனம் இல்லை, கிராமர்ல உக்காரணும். 'சொ' அதிகம்னா செய்தித் தேர்வு கஷ்டமாயிருக்குன்னு அர்த்தம். மேலூர்க்காரன் அண்ணே, வாசிப்பு தெளிவா இருந்தும் மூணு நாலு மார்க்தான்னா பெரும்பாலும் 'கே'யும் 'எ'யுமாத்தான் இருக்கும்.

டவுன்ஹால் ரோடு

இவ்வளவு வேலை எதுக்கு? போன்ல சின்னச் செய்தி ஆப் இருக்கு. ஏஐ-கிட்ட செய்தியைக் கொடுத்தா அதுவே சுருக்கி நாலு கேள்வியும் போட்டுத் தருமே.

உசிலை இங்கிலீஷ்

தரும் தம்பி. ரெண்டு குறை இருக்கும், பாத்துக்கிடுங்க. ஆப்ல வர்ற செய்தி அம்பது அறுபது வார்த்தை. அதுல சேர்த்துப் பார்க்க ரெண்டு வரி கிடைக்காது, நேரடிக் கேள்வி மட்டும்தான் போட முடியும். ஏஐ-கிட்ட சும்மா கேள்வி போடுன்னா பெரும்பாலும் பத்தியோட வரிசைப்படியே போடும்: முதல் வரிக்கு முதல் கேள்வி, கடைசி வரிக்குக் கடைசிக் கேள்வி. பிள்ளை நாலு நாள்ல அந்த வரிசையைக் கண்டுபிடிச்சுடும், அப்புறம் வாசிக்காது. கேள்வி வரிசையைக் கலைக்கச் சொல்லுங்க, ஒண்ணாவது ரெண்டு வாக்கியத்தைச் சேர்த்தாத்தான் பதில் வரணும்னு கேளுங்க. பதிலை நீங்க ஒரு தடவை சரி பாருங்க. எளிமையாக்கித் தான்னு மட்டும் கேக்காதீங்க. ரிசர்வாயரை எடுத்துட்டு எல்லா இடத்துலயும் டேம்னே போட்டுக் கொடுத்தா வட்டமிட ஒண்ணும் மிஞ்சாது.

கே.கே.நகர் அம்மா

கேள்வியை முதல்ல வாசிக்கணுமா, பத்தியை முதல்ல வாசிக்கணுமா? பள்ளியில ஒண்ணு சொல்றாங்க, டியூஷன்ல ஒண்ணு சொல்றாங்க.

வடகரை டீச்சர்

ஸ்டேட் போர்டு நீளத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான், சண்டை போட வேண்டாம். 400 வார்த்தைக்குக் கேள்வியை முதல்ல ஒரு பார்வை பார்த்துட்டுப் போறது நேரத்தை மிச்சம் பண்ணும். ஆனா கேள்வியில இருக்கிற வார்த்தையைப் பத்தியில தேடி, கண்ட இடத்தோட நிறுத்துற பழக்கம் வந்துடும். கேள்வி தயாரிக்கிறவங்க அதுக்குன்னே வார்த்தையை மாத்திப் போடுவாங்க. பத்தியில இஷ்யூட்னு இருந்தா கேள்வியில அனௌன்ஸ்டுன்னு கேப்பாங்க. பொதுத்தேர்வுல வினாத்தாள் வாசிக்கக் கொடுக்குற 10 நிமிஷத்துல கடைசிப் பக்கத்துக்குப் போய் இந்தப் பத்தியை ஒரு தடவை வாசிச்சுட்டா, எழுதும்போது அது ரெண்டாவது வாசிப்பாயிடும். அந்த எட்டு மார்க்குக்குப் பாடல், பத்தி ரெண்டுல எதுக்குப் பதில் எழுதுறதுங்கிற சாய்ஸையும் அங்கேயே முடிவு பண்ணிடலாம். எழுத ஆரம்பிச்சப்புறம் மாத்திக்கிட்டா அஞ்சு நிமிஷம் வீண்.

ஒத்தக்கடை

தலைப்பு பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. பேப்பர்த் தலைப்போட இலக்கணம் தனி. நேத்து நடந்ததை நிகழ்காலத்துல எழுதுவாங்க, இனிமே நடக்கப்போறதுக்கு 'டு' மட்டும் வரும், ஏ, ஆன், த எல்லாம் காணாமப் போகும். 'டூ ஹெல்ட்'னா ரெண்டு பேரைக் கைது பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். கேட்டா பிள்ளை 'பிடித்தார்கள்'னு செய்வினையா சொல்லும், பிடிச்சவன் யாரு பிடிபட்டவன் யாருன்னு தலைகீழாப் போயிடும். தலைப்பைப் பார்த்து இலக்கணம் கத்துக்கிட்டு கட்டுரையில 'கலெக்டர் டு விசிட் ஸ்கூல்'னு எழுதினா மார்க் போச்சு. டீச்சர் சொன்ன மாதிரி தலைப்பு எழுதுற பயிற்சி வைங்க, ஆனா கூடவே அதே தலைப்பை முழு வாக்கியமா ஒரு தடவை எழுதச் சொல்லுங்க.

அப்புறம், அன்னன்னிக்குப் பேப்பர் வாங்கணும்னு ஒண்ணும் இல்லை. பழைய பேப்பர்க் கடையில இங்கிலீஷ் பேப்பர் ரெண்டு கிலோ எடுத்தா ஒரு வருஷத்துக்குக் காணும். பழசா இருந்தா இன்னும் நல்லது, டிவியில பார்த்த ஞாபகம் இருக்காது. வெட்ட மனசில்லாதவங்க புது நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல உக்காந்து வாசிச்சு, தேவையானதை நோட்டுல எழுதிக்கிட்டு வரலாம்.

மேலூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். அதே செய்தியை முதல்ல தமிழ்ப் பேப்பர்ல வாசிச்சுட்டு இங்கிலீஷ்ல வாசிக்கலாமா? உள்ளூர்ச் செய்தியை எப்போ நிறுத்துறது?

வடகரை டீச்சர்

தமிழ்ல வாசிச்சுட்டு வர்றது முதல் ரெண்டு வாரத்துக்கு மட்டும். அதுக்கப்புறம் வரிசையை மாத்துங்க: இங்கிலீஷ்ல வாசிச்சு, பதில் எழுதி முடிச்சப்புறம் தமிழ்ச் செய்தியைக் கொடுங்க. எங்க தப்பாப் புரிஞ்சிருக்கோம்னு அவனே கண்டுபிடிப்பான், நீங்க விளக்க வேண்டியதில்லை. வார்த்தைக்கு மேல வார்த்தை தமிழ் அர்த்தம் எழுதுற பழக்கம் மட்டும் வேண்டாம். கண்ணு இங்கிலீஷைத் தாண்டித் தமிழையே வாசிச்சுட்டுப் போயிடும். தெரியாத வார்த்தையை அடிக்கோடு மட்டும் போட்டுட்டு, பதில் எழுதினப்புறம் அகராதியைத் திறக்கட்டும்.

வாரத்துக்கு மூணு பத்தி போதும். திங்கள், புதன் உள்ளூர். சனிக்கிழமை வெளியூர், அதுவும் கடிகாரத்தை வச்சு 14 நிமிஷத்துக்குள்ள. நீள சைஸ் நோட்டுல இடது பக்கம் பத்தியை ஒட்டி, வலது பக்கம் பதில். உள்ளூர்ப் பத்தி மூணுல தொடர்ச்சியா எட்டுக்கு ஆறு வந்துட்டா மூணு நாளுமே வெளியூராக்கிடுங்க. அசாம் வெள்ளம், ராஜஸ்தான் வெயில், எங்கேயோ புதுசாக் கண்டுபிடிச்ச தவளைன்னு பையனுக்குத் துளியும் தெரியாத விஷயமாப் பாருங்க. முதல்ல மார்க் நாலுக்கு இறங்கும். பழையபடி உள்ளூருக்கு ஓடாதீங்க, நீளத்தை மட்டும் 120-க்குக் குறைங்க.

உசிலை இங்கிலீஷ்

இறங்குற அந்த வாரங்கள்ல 'வ' எத்தனைன்னு எண்ணுங்க அண்ணே. மத்ததெல்லாம் அப்படியே இருந்து 'வ' மட்டும் கூடினா, இதுவரைக்கும் ஊர் விஷயத்தை வச்சு ஊகத்துல எழுதியிருக்கான். அப்போ பதில் எழுதுறதுக்கு முன்னாடி, ஆதார வரிக்கு நேரா ஓரத்துல கேள்வி நம்பரைப் போடச் சொல்லுங்க. நம்பர் போடாத பதிலைத் திருத்தாதீங்க.